புது மேளம் கட்டிய பிள்ளைகளுக்கு

களுவாஞ்சிக்குடியிலும் எருவிலிலும் இருந்து ஐந்து பேர் சேர்ந்து மேளம் கட்டியிருக்கிறீர்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளத்துக்கும் சுருதிப்பெட்டிக்கும் ஒருவர். பெரிய திருவிழா என்றால் யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பி மேளம் பிடித்துப் பழகிய பகுதி இது. எழுவான்கரையிலேயே ஒரு இளம் மேளம் கிளம்புவது எனக்குச் சரியான சந்தோசம். புத்தி சொல்லுங்கள் ஐயா என்று கேட்டதால் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய ஏலாது. முதல் மூன்றை மட்டும் உடனே தொடங்குங்கள்.

1. நாயனத்தைச் சோடியாக வாங்குங்கள். ஒருவர் கையில் மாமா தந்த பழைய திமிரி, மற்றவர் கையில் இந்தியாவிலிருந்து வந்த புதுப் பாரி என்றால், எத்தனை வருடம் பயின்றாலும் இரண்டும் ஒட்டாது. திமிரி குட்டை, அதன் சுருதி நாலு கட்டைக்குப் பக்கத்தில் நிற்கும். பாரி நீளம், இரண்டு, இரண்டரைக் கட்டை. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை (1898–1956) பாரியைக் கையில் எடுத்தார், நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அதை அவருக்கேற்பச் செம்மையாக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கச்சேரி மேடையில் அந்தக் கனத்த குரல் நிலைத்தது. ஆச்சா மரத்தில் கடைகிற நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஒரே ஆசாரியிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊதிப் பார்த்து வாங்குங்கள்.

அப்படி வாங்கினாலும் ஏதாவது ஒரு சுரத்தில் கொஞ்சம் விலகத்தான் செய்யும். ஏழு விரல் துளைகளுக்குக் கீழே விரல் படாத துளைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் மெழுகைக் கூட்டியும் குறைத்தும் சரிக்கட்ட வேண்டும். விலகல் எங்கே என்று பிடிக்க ஒரு வழி இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் கும்பினிக்காரரின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சாகித்தியம் செய்தார். நோட்டுசுவரம் என்று பெயர், ஏறத்தாழ 40 உருப்படி. எல்லாம் சங்கராபரணத்தின் நேரான சுரங்கள், அசைவு கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கான பாடம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் சோடி நாயனத்தின் உரைகல். கமகம் போட்டு வாசிக்கும்போது இருவருக்கும் இடையிலுள்ள பிசகை அந்த அசைவுக்குள்ளே மறைத்துவிடலாம். நோட்டுசுவரத்தில் மறைக்க இடமில்லை. தினமும் பயிற்சி தொடங்கும்போது ஒன்றை இருவரும் மெதுவாக ஊதுங்கள்.

2. சீவாளி. இதைப் பற்றி நான் கதைக்கத் தொடங்கினால் விடியும். காவிரிக்கரையில் வளர்கிற கொறுக்கை நாணலை வெட்டி, காயவைத்து, பதப்படுத்தி, சீவி, நூலால் கட்டித் திருவாவடுதுறைப் பக்கத்தில் செய்கிறார்கள். அங்கேயுள்ள காற்று வேறு, நம்முடைய காற்று வேறு. நமக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. உப்பும் ஈரமும் இரண்டு பக்கத்தாலும் வரும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் சீவாளி காய்ந்து வாய் இறுகும். மார்கழி மழையில் ஊறித் தளர்ந்து சுருதி இறங்கும். ஆகையால் ஒரே ஒரு நல்ல சீவாளியை வைத்துக்கொண்டு திருவிழா ஒப்புக்கொள்ளாதீர்கள். வாயில் ஒன்று, நாயனத்தில் தொங்குகிற கொத்தில் பழக்கப்பட்ட மூன்று நான்கு, டப்பாவில் புதியவை என்று எப்போதும் சுற்றிக்கொண்டு இருக்க வேண்டும். புதுச் சீவாளியைத் திருவிழாவில் பழக்க வேண்டாம். வீட்டில் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று வாய்க்குப் பணிய வையுங்கள்.

முக்கியம்: இரண்டு நாயனக்காரரின் சீவாளியும் ஒரே குணமாக இருக்கட்டும். ஒன்று கடினம், மற்றது மென்மை என்றால் கோயிலைச் சுற்றி வருவதற்குள் இருவரின் சுருதியும் விலகிவிடும். ஐரோப்பாவின் ஓபோவும் பசூனும் நம்முடையது போல இரட்டை நாக்குக் கருவிகள்தான். அங்கே கைதேர்ந்த பலர் தங்கள் நாக்கைத் தாங்களே சீவிக் கட்டுகிறார்கள். நம்மிடத்தில் வாங்குகிற பழக்கம்தான். குறைந்தபட்சம் ஊசியால் வாய் திறக்கவும், ஓரத்தை அளவாகச் சுரண்டவும், நூல் தளர்ந்தால் திரும்பக் கட்டவும் இரண்டு பேரும் பழகுங்கள்.

வெற்றிலை போடுகிறவர் கொப்புளித்துவிட்டு ஊத வேண்டும். களுதாவளை வெற்றிலைக்கு நான் எதிரியில்லை. சீவாளிக்கு அது எதிரி.

3. ஒரே இடத்தில் இருவரும் மூச்சு எடுக்காதீர்கள். ஒருவர் மட்டும் ஊதிய காலத்துக்குப் பிறகு இரட்டை நாயனத்தைப் பெரிதாக நிலைநாட்டியவர்கள் திருவீழிமிழலை சகோதரர்கள். அவர்களுடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். கீர்த்தனையின் ஒரு அடி முழுவதும் அறாமல் வரும். இருவரில் யார் எங்கே மூச்சு எடுத்தார் என்று கண்டுபிடிக்கப் பாருங்கள், முடியாது. ஒருவர் அடியின் நடுவில், நெடில் முடிகிற இடத்தில் எடுப்பார். மற்றவர் அடி முடிந்து எடுப்பார். இது தானாக வராது. பாட்டை எழுதிவைத்து, மூச்சு எடுக்கும் இடத்துக்கு இரண்டு நிறத்தில் கோடு போடுங்கள். ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு நீலம். இரண்டு கோடும் ஒரே இடத்தில் விழுந்தால் ஒருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். விட்டுக்கொடுக்கிறவர் எப்போதும் ஒருவராகவே இருக்கவும் கூடாது.

தொடங்கும்போது மட்டும் இதற்கு நேர்மாறு. இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு இழுக்க வேண்டும், அதுவும் மற்றவருக்குத் தெரியும்படி.

4. தெரியும்படி மூச்சு இழுப்பது எப்படி என்று பார்க்க, ஐரோப்பிய முறையில் ஐந்து காற்றுக் கருவிகள் மட்டும் சேர்ந்து வாசிக்கிற ஐவர் குழுக்களைப் பாருங்கள். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹோர்ன், பசூன். தவிலும் இல்லை, தாளமும் இல்லை, முன்னால் நின்று கைகாட்டுகிற ஆளும் இல்லை. ஒருவர் தன் கருவியை இத்தினி உயர்த்தி மூச்சை இழுப்பார்; அந்த இழுப்பின் வேகமே பாட்டின் காலம். வேகமாக இழுத்தால் துரிதம், ஆறுதலாக இழுத்தால் விளம்பம். நம் பிள்ளைகளுக்குத் தவில் இருப்பதால் இந்தப் பழக்கம் வருவதில்லை. தவில் நின்று இராக ஆலாபனை முடிந்து கீர்த்தனை எடுக்கும் இடத்தில் இரண்டு நாயனமும் முன்னே பின்னே விழுவது இதனால்தான்.

அவர்களுடைய உருப்படிகளும் கேட்கத் தகுந்தவை. இந்த அமைப்புக்கு முதலில் பெருமளவு எழுதியவர் அன்டோன் ரெய்கா. பேத்தோவன் பிறந்த அதே 1770இல் பிறந்தவர்; இளமையில் இருவரும் பொன் (Bonn) நகர அரசவை வாத்தியக் குழுவில் ஒன்றாக வாசித்தார்கள். பிறகு பாரிசில் இருந்து 24 ஐவர் உருப்படி எழுதினார். அவரைப் பின்பற்றி பிரான்ஸ் டான்சி 9 எழுதினார். கொஞ்சம் நீளம்தான், ரெய்காவை முழுவதும் கேட்க எனக்கே பொறுமை போதாது. டான்சியில் தொடங்குங்கள்.

ஆனால் நீங்கள் அவசியம் கேட்க வேண்டியது டென்மார்க்கின் கார்ல் நீல்சன் 1922இல் எழுதியது. 1921இல் அவர் ஒரு நண்பருக்குத் தொலைபேசி எடுத்தபோது, அந்தப் பக்கத்து அறையில் கோப்பன்ஹேகன் ஐவர் குழுவினர் மொசாட்டைப் பயின்றுகொண்டிருந்த சத்தம் தொலைபேசி வழியாக அவருக்குக் கேட்டது. பிறகு அவர்களுக்காகவே எழுதினார். கருவிக்கு எழுதாமல் ஆளுக்கு எழுதினார் என்பதுதான் விசயம். ஓபோக்காரர் எப்படிப்பட்டவர், கிளாரினெட்காரர் எவ்வளவு சட்டென்று கோபிப்பவர் என்று பார்த்து அந்தக் குணத்தையே வாசிப்பில் வைத்தார். ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பெரிய உருப்படி எழுத நினைத்தவர், 1926இல் புல்லாங்குழலுக்கும் 1928இல் கிளாரினெட்டுக்கும் எழுதி முடித்தார். 1931இல் இறந்துபோனார். மற்ற மூவருக்கும் கிடைக்கவில்லை.

உங்கள் ஐந்து பேருக்குள்ளும் அவசரக்காரன் யார், அடங்கிப்போகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும். அவசரக்காரனிடம் துரிதகாலச் சுரத்தைக் கொடுங்கள், ஆறுதலானவரிடம் ஆலாபனையின் தொடக்கத்தைக் கொடுங்கள். எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டாம்.

5. தவில் பிள்ளைகளே, இது உங்களுக்கு. உங்கள் காதில் எப்போதும் ஒரு பெயர் இருக்கும்: யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். தமிழ்நாட்டில் நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளை போன்றவர்களின் பக்கத்தில் இருந்து வாசித்துப் பெயர் வாங்கியவர். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்திய தேசிய விருதும் பெற்றது, கட்டாயம் பாருங்கள். எல்லோரும் அவருடைய வேகத்தைப் பற்றித்தான் கதைப்பார்கள். பதிவுகளைக் கேட்கும்போது நீங்கள் வேறொன்றைக் கவனியுங்கள். நாயனம் கீழ்ஸ்தாயிக்கு இறங்கும்போது அந்தத் தவிலுக்கு என்ன நடக்கிறது? வலந்தலை ஒலி எவ்வளவு ஒடுங்குகிறது? அந்த ஒடுக்கத்தைப் பழகுகிறவன் வேகத்தைப் பிறகு பழகிக்கொள்வான்.

இரண்டு தவிலும் ஒரே நேரத்தில் விரித்து வாசிக்க வேண்டாம். ஒருவர் நடையைப் பிடித்து நிற்க, மற்றவர் விளையாடட்டும். அடுத்த ஆவர்த்தனம் மாற்றிக்கொள்ளுங்கள். சனம் கைதட்டுகிறது என்று தனியை இழுத்தால் சுவாமி தெருமுனையில் காத்துக்கொண்டு நிற்கும். தூக்குகிற பிள்ளைகளின் தோளை நினைத்துப் பாருங்கள், மனே.

தோலைப் பற்றி ஒன்று. இப்போது முறுக்காணி போட்ட தவில் வந்துவிட்டதால் மழைக்கால ஈரத்துக்கு இறுக்குவது லேசு. லேசு என்பதற்காக வாசிப்பு முடிந்தும் இறுக்கத்திலேயே விடாதீர்கள். விரல் கூடுகளையும் இன்னொரு சோடி செய்து வையுங்கள்.

6. தாளம் போடுகிறவர்தான் குழுவின் தலை. கலியாண வீட்டில் ஐயரின் கையைப் பார்த்து, தாலி எடுக்கிற அந்த நொடியில் கெட்டிமேளத்துக்குச் சைகை கொடுப்பவரும் அவரே. சம்பளம் கொடுக்கும்போது அவரைக் கடைசிக்குத் தள்ளுகிற வழக்கத்தை உங்கள் மேளத்தில் தொடங்க வேண்டாம்.

7. உருப்படி சேர்க்கிற ஒழுங்கு. கோயில் வாத்தியத்துக்கு முதல் பாடம் மல்லாரி. கம்பீரநாட்டையில், சாகித்தியம் இல்லாமல், தவிலுக்கும் நாயனத்துக்கும் சமபங்கு வைத்துச் செய்யப்பட்டது. சுவாமி புறப்படும்போது வாசிப்பது ஒன்று, தேருக்கு ஒன்று, மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, அபிஷேகத்துக்குத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கு ஒன்றாக இருக்கிறது. எல்லாவற்றையும் அரைகுறையாகப் பிடிப்பதைவிட ஒரு மல்லாரியை மூன்று காலத்திலும், பிறகு திசிரத்திலும் பிசகாமல் வாசிக்கப் பழகுங்கள். முதலாம் காலத்தில் ஐந்து பேரும் சேர்ந்து நிற்க முடிந்தால் மூன்றாம் காலம் பயப்பட வேண்டியதில்லை. பொதுவாகக் குழப்பம் வருவது முதலாம் காலத்தில்தான். இடைவெளி நீளம், ஆளாளுக்கு நிரப்பப் பார்ப்பார்கள்.

மல்லாரிக்குப் பிறகு வர்ணம் இரண்டு. பிறகு ஹம்சத்வனியில் ஒரு பிள்ளையார் கீர்த்தனை, சண்முகப்பிரியாவில் ஒரு முருகன் கீர்த்தனை, கல்யாணியில் அம்மனுக்கு ஒன்று. நம் பகுதியில் இந்த மூன்று தெய்வங்களும் இல்லாத கோயில் அரிது. திருவிழா பெரும்பாலும் இரவில் என்பதால் தோடியும் காம்போதியும் தானாகப் பழக்கமாகிவிடும். காலை இராகங்கள்தான் பின்தங்கும். பூபாளம், பௌளி, பிலகரி மூன்றையும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து மற்றவருக்குச் சொல்லிக்கொடுங்கள். ஊஞ்சல், எச்சரிக்கை, லாலி, தெப்பத்துக்கு ஓடம் இவையெல்லாம் சின்ன உருப்படிகள், ஆனால் இல்லாமல் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. இரவு கடைசியில் நீலாம்பரி. தேவாரம் வாசிப்பதானால் பண்ணின் இராகத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாசியுங்கள்: புறநீர்மைக்குப் பூபாளம், இந்தளத்துக்கு மாயாமாளவகௌளை. சும்மா மோகனத்தில் போட்டுத் தள்ளுவதை ஓதுவார் கேட்டால் முகம் சுளிப்பார்.

எந்தக் கீர்த்தனையையும் முதலில் வாயால் பாடுங்கள். வார்த்தை தெரியாமல் ஊதுகிறவர் சொல்லை நடுவில் முறித்து மூச்சு எடுப்பார். கேட்கிறவருக்கு உடனே தெரியும். நாயனத்தில் துத்துக்காரம் விழ வேண்டிய இடத்தை அந்தச் சொல்தான் சொல்லித்தரும். வாய்ப்பாட்டுக்கு ஆள் தேட வேண்டுமென்றால் கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் பெயரில் உள்ள அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வெளியேறிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

8. சினிமாப் பாட்டு கேட்பார்கள். கோயிலை நிருவகிக்கிற வண்ணக்கர் கேட்பார், திருவிழாக்காரக் குடியின் பெரியவர் கேட்பார், பெடியன்கள் துண்டில் எழுதி அனுப்புவார்கள். வாசிக்க மாட்டேன் என்று வீம்பு பிடிக்காதீர்கள். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலுக்கு ஈடாக ஆபேரியில் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம், இராஜரத்தினம்பிள்ளையின் சீடர். அதை வாசித்ததால் அவருடைய வித்துவம் குறைந்துவிடவில்லை. ஆனால் சுவாமி இருப்பிடத்துக்குத் திரும்பிய பிறகு, இராகத்தில் நிற்கிற பாட்டாகப் பார்த்து, ஒன்றோ இரண்டோ. அதையும் வெளியில் வாசிக்கும் முன் பயிற்சி செய்யுங்கள். கேட்டவுடன் ஒருவர் தெரிந்தபடி ஊத, மற்றவர் பின்னால் துழாவுவது மல்லாரியில் பிழைவிடுவதைவிட மோசம், ஏனென்றால் பாட்டு எல்லோருக்கும் தெரியும்.

நிருவாகத்தின் தலையீடு நமக்கு மட்டும் வந்த சோதனையில்லை. ஹங்கேரியில் ஜோர்ஜ் லிகெட்டி 1953இல் ஐவர் குழுவுக்கு ஆறு சின்ன உருப்படி அமைத்தார். கிராமத்து மெட்டின் வாசம் அடிக்கிற, சுள்ளென்ற உருப்படிகள். 1956இல் புடாபெஸ்டில் முதன்முதலாக மேடையேறியபோது ஐந்துதான் வாசிக்கப்பட்டன. ஆறாவதில் அபசுரம் அதிகம், அந்த ஆட்சியின் காதுக்கு ஆகாது என்று ஒதுக்கிவைத்தார்கள். நம்முடைய வண்ணக்கர்மார் அந்த அளவுக்கு இல்லை.

9. வாசிக்காமல் இருக்க வேண்டிய இடங்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயிலில் வழக்குரை படிக்கும்போதும் குளிர்த்தி பாடும்போதும் அந்த இடம் பாடுகிறவருக்கும் உடுக்குக்கும் உரியது. கட்டாடியார் கூப்பிட்டால் ஒழிய நாயனத்தை எடுக்க வேண்டாம். குருமண்வெளித் துறையில் படகுப் பாதையேறி மண்டூருக்குப் போனால், அங்கே வாய்கட்டிப் பூசை. மந்திரமே ஒலிக்காத கோயில். எங்கே, எப்போது, எவ்வளவு வாசிக்கலாம் என்று முன்கூட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது, எழுதிவைத்திருக்க மாட்டார்கள்.

10. பறைமேளத்தோடு ஊதுகிற சொர்ணாளியைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். அதுவும் இரட்டை நாக்குக் கருவிதான், நாயனத்துக்குச் சொந்தக்காரன். பெரும்பறையின் சத்தத்துக்கு மேலே மூச்சு அறாமல் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். நம் ஒத்துக்காரர்களிடம் முன்னே இருந்து, சுருதிப்பெட்டி வந்த பிறகு மறைந்துபோன மூச்சு அது. அந்தக் கலையை ஒரு சாதியின் மேல் கடமையாகச் சுமத்தி, அதே வாயால் இழிவும் பேசியது நம் ஊர்கள்தான். அதனால் பலர் பறையையே கைவிட்டார்கள். அவர்கள் மேல் பிழையில்லை. இன்னும் வாசிக்கிற பெரியவர்களிடம் போகும்போது வித்துவானிடம் போவதுபோலப் போங்கள், கதிரை கொடுத்தால் ஐயா என்று சொல்லி உட்காருங்கள்.

11. இரண்டாவது நாயனம் வாசிக்கிற தங்கச்சிக்கு: பெண் பிள்ளைக்கு மூச்சு பத்தாது என்று யாராவது சொன்னால் மதுரை பொன்னுத்தாயின் பதிவைப் போட்டுக் காட்டு. வேறு பதில் வேண்டாம்.

12. ஒலிபெருக்கி இல்லாமல், சின்ன இடத்தில், மாதத்துக்கு ஒருமுறையாவது வாசியுங்கள். வாசகசாலை மண்டபமோ யாராவது வீட்டு விறாந்தையோ போதும். இருபது பேர் வந்தால் காணும். வீதியில் ஊதுகிற அளவை அப்படியே உள்ளே கொண்டுவந்தால் சனம் எழும்பி ஓடும். உதட்டை இறுக்காமல் மூச்சைக் குறைத்து, சுருதி இறங்காமல் மெல்ல வாசிப்பதுதான் நாயனத்தில் கடினமான வித்தை. அதைப் பெட்டி கட்டிய திருவிழாவில் ஒருநாளும் பழக முடியாது. நாலாவதில் சொன்ன ஐவர் குழுக்களெல்லாம் இப்படிப்பட்ட அறைகளில் வளர்ந்தவை. 1879இல் பாரிசில் போல் தஃபனெல் என்ற புல்லாங்குழல்காரர் காற்றுக் கருவிகளின் அறை இசைக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி நடத்தினார். அங்கே தவிலுக்கு இணையான சத்தம் எதுவும் கிடையாது என்பது உண்மைதான். உங்கள் விறாந்தைக் கச்சேரியில் ஒரு தவில் போதும், மற்றத் தவில்காரர் உட்கார்ந்து கேட்கட்டும். எங்கே அமுங்குகிறது, எங்கே மிஞ்சுகிறது என்று பிறகு சொல்லட்டும். அடுத்த மாதம் இடம் மாறுங்கள்.

13. காசு. அச்சாரம் வாங்கும்போதே எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை வீதி, வான் கூலி யார் பக்கம், சாப்பாடு உண்டா என்று தெளிவாகக் கதையுங்கள். அடுத்த குடியின் திருவிழாவுக்குப் பேசியதைவிடக் கூடவோ குறையவோ கேட்காதீர்கள். இரண்டு நாளில் கதை பரவிவிடும். வருகிற பணத்தை ஆறாகப் பிரியுங்கள். ஐந்து பங்கு சமமாக ஐந்து பேருக்கு. ஆறாவது சீவாளிக்கும் தவில் தோலுக்கும் சுருதிப்பெட்டி திருத்துவதற்கும். அந்தக் கணக்குக் கொப்பி தாளம் போடுகிறவரிடம் இருக்கட்டும். மாத முடிவில் ஐந்து பேரும் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.